டிரம்மில் வரும் சரக்கு

அமோனியா ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து கோபுரங்களைப் பார்ப்பார்கள். பிறகு கம்ப்ரஸர் இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஸ்டோர்ஸ் ஷெட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கும் டிரம்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆலையின் உயிர் அந்த டிரம்களில்தான் வந்து இறங்கும். மூடியைத் திறந்தால் பாலிதீன் உறைக்குள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். கோபால்ட்-மாலிப்டினம் நீலக் குச்சிகளாக இருக்கும். நிக்கல் சாம்பல் நிற வளையம். இரும்பு-குரோமியம் செம்பழுப்பு மாத்திரை, தாமிரம்-துத்தநாகம் கறுப்பு மாத்திரை. கடைசிக் கலனுக்குப் போகும் இரும்புக்கு மட்டும் உருவமே கிடையாது. உருக்கி ஆறவைத்து உடைத்த கறுப்புத் துண்டுகள், கனமாக, கையில் கறை ஒட்டும்படி.

பாடப் புத்தகம் இவற்றை வினையூக்கி என்கிறது. ஆலையில் எல்லோருக்கும் இவை கேட்டலிஸ்ட்தான். ஹெல்மெட் மாட்டிய ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அப்படியே.

1970களில் இந்தியாவில் எழுந்த உர ஆலைகள் பலவற்றுக்கு நாப்தாதான் தீனி. மணலி, தூத்துக்குடி, மங்களூர், கோவா, கான்பூர் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. அப்படிப்பட்ட நாப்தா ஆலை ஒன்றில், கடற்காற்று துருவாக அரிக்கும் இடத்தில், பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். நாப்தாவில் இருக்கும் கந்தகத்தை எடுத்துவிட்டு, நீராவியோடு கலந்து, ரிஃபார்மர் குழாய்களில் சுமார் 800 டிகிரி வரை சூடாக்கி ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக உடைப்போம். அடுத்த கலனில் காற்றைப் புகுத்தினால் நைட்ரஜன் வந்து சேரும். மோனாக்சைடை இரண்டு ஷிஃப்ட் கன்வர்ட்டர்களில் நீராவியோடு சேர்த்து கரியமில வாயுவாக மாற்றி, அதைக் கழுவி எடுத்து யூரியா பிரிவுக்கு அனுப்புவோம். மிச்சம் மீதியை மெத்தனேட்டர் துடைத்துவிடும். சுத்தமான ஹைட்ரஜனும் நைட்ரஜனும் சின்தெசிஸ் கன்வர்ட்டருக்குள் போய் அமோனியாவாக வெளியே வரும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி கேட்டலிஸ்ட், ஏழு வகை. எட்டாவதாக ஒரு கலனில் துத்தநாக ஆக்சைடு இருக்கும். வெள்ளை உருண்டைகளாக இருக்கும் அது கேட்டலிஸ்ட் கணக்கில் வராது. கந்தகத்தைத் தின்று தானே துத்தநாக சல்ஃபைடாகிவிடுகிற சரக்கு. கேட்டலிஸ்ட் பயன்படும், துத்தநாக ஆக்சைடு செலவாகும். புதிதாகச் சேருகிற பையன்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியே இந்த வித்தியாசம்தான்.

நான் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த விளக்கம் இரண்டு வரி. வினையூக்கி வினையின் வேகத்தைக் கூட்டும்; தான் வினையில் பங்கெடுக்காது, மாறாது. இதில் இரண்டாவது வரி சரியில்லை என்பது என் அபிப்பிராயம். பங்கெடுக்காத பொருள் எதையும் வேகப்படுத்தாது. ஒவ்வொரு படியிலும் கலந்துகொண்டு, கடைசிப் படியில் பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அதன் சாமர்த்தியம். மாறாது என்பதும் பரீட்சைக்கு எழுத மட்டுமே உதவும். மூன்று நான்கு வருடம் ஓடிய தாமிர மாத்திரையை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் படிகங்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சிறிதாக நறுக்கிய தாமிரத்துக்குத்தான் பரப்பு அதிகம், பரப்பு இருந்தால்தான் வேலை. ஆகவே அது நாளுக்கு நாள் கிழடாகிக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் வரியில் உள்ள குறை எனக்குப் பிடிபட்டது கன்ட்ரோல் ரூமில். பேனலில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். டிப்ளமோகூட இல்லை, பாய்லர் ஹவுஸில் தொடங்கி மேலே வந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருக்கு நாங்கள் எல்லோரும், வயதில் மகனாக இருந்தாலும், சார். ஒரு நள்ளிரவு ஷிஃப்டில் கேட்டார்:

"சார், ரிஃபார்மர்ல இருக்கதும் நிக்கல். மெத்தனேட்டர்ல இருக்கதும் நிக்கல். அங்க மீத்தேனை உடைக்குது, இங்க மீத்தேனை உண்டாக்குது. ஒரே சரக்கு ரெண்டு வேலை பாக்குமா?"

பதில் தெரிந்தே கேட்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் சமன்பாடுகளை எழுதிக் காட்டினேன். மீத்தேனும் நீராவியும் சேர்ந்து மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆவதற்கு வெப்பம் வேண்டும். 800 டிகிரியில் அந்தப் பக்கம் சாய்கிறது. 300 டிகிரியில் அதே வினை பின்னோக்கி ஓடி மீத்தேனாகிறது, வெப்பத்தையும் வெளியே தள்ளுகிறது. எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு சாயும் என்பதை வெப்பநிலையும் அழுத்தமும் தீர்மானிக்கின்றன. நிக்கலுக்கு அதில் அதிகாரம் இல்லை. போகிற திசையில் சீக்கிரம் கொண்டு சேர்ப்பது மட்டும் அதன் வேலை. முன்னோக்கிய வினையை வேகப்படுத்துகிற எதுவும் பின்னோக்கிய வினையையும் அதே அளவுக்கு வேகப்படுத்தியாக வேண்டும்.

"அப்ப வழி சொல்றது சூடு. ஓட்டுறது நிக்கல். இல்லையா?" என்றார். பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு இன்னும் சில வருட அனுபவம் தேவைப்பட்டது.

அந்த மீதிப் பாதி ரிஃபார்மரில் இருக்கிறது. செங்கல் வேய்ந்த பெரிய உலை. உள்ளே பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளக் குழாய்கள் வரிசையாகத் தொங்கும். குழாய்க்குள் நிக்கல் வளையங்கள், வெளியே தீ. சுவரில் உள்ள பீப் ஹோலைத் திறந்து நீலக் கண்ணாடி வழியே பார்ப்பது எங்கள் தினசரிக் கடமை. கம்ப்யூட்டர் திரைகள் வந்த பிறகும் இதை விடக்கூடாது என்பேன். நன்றாக இருக்கும் குழாய் மங்கிய சிவப்பாக, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தெரியும். சுற்றிலும் ஆயிரம் டிகிரித் தீ இருக்க, குழாய் மட்டும் ஏன் இருண்டு தெரிய வேண்டும்? உள்ளே நடக்கும் வினை வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருப்பதால்தான். குழாயைக் காப்பாற்றுவது அதற்குள் இருக்கும் கேட்டலிஸ்ட். எந்த இடத்தில் அது செயலிழக்கிறதோ அந்த இடத்தில் வெப்பத்தைக் குடிக்க ஆள் இல்லை. குழாய் ஆரஞ்சாகப் பழுக்கும். திட்டுத் திட்டாகப் பழுத்தால் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து என்பார்கள், வரிவரியாகப் பழுத்தால் புலிவால். இவை நான் சூட்டிய பெயர்கள் இல்லை, உலகமெங்கும் ரிஃபார்மர் ஆட்கள் சொல்வதுதான். கரி படிந்ததா, கந்தகம் ஏறியதா, நிரப்பும்போதே உள்ளே வெற்றிடம் விழுந்ததா என்று பழகிய கண் ஊகித்துவிடும். குழாய்ச் சுவர் வடிவமைப்பு வெப்பநிலைக்கு மேல் 20 டிகிரி கூடுதலாக ஓடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

வெற்றிடம் விழாமல் நிரப்புவது தனிக் கலை. வளையங்களை மேலிருந்து கொட்டினால் உடைந்துவிடும். நீளமான துணிப் பையில் நிரப்பி, அடியை மடித்து, கயிறு கட்டிக் குழாயின் அடிவரை இறக்கி, ஒரு வெட்டு இழுத்தால் மடிப்பு அவிழ்ந்து வளையங்கள் மெதுவாக அமரும். பிறகு குழாயைத் தட்டி அமர்த்தி, காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு குழாயிலும் அழுத்த வீழ்ச்சியை அளப்போம். சராசரியிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் வெளியே உறிஞ்சி எடுத்து மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும். ஷட்டவுன் நாட்களில் உற்பத்தி மேலாளர் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தத் துணிப் பை வேலையை அவசரப்படுத்தாமல் முடிக்கத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

நாப்தாவுக்கு அந்தக் குழாய்க்குள் இரண்டு வழிகள் உண்டு. நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜனாகலாம். இல்லையென்றால் தானே சிதைந்து கரியாகலாம். நிக்கல் இரண்டையும் செய்யும். யோக்கியன் என்று நம்பிவிட முடியாது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் நிக்கலோடு பொட்டாஷைச் சேர்த்து இந்தச் சிக்கலைத் தீர்த்தது. பொட்டாஷ் இருந்தால் படிகிற கரி உடனுக்குடன் நீராவியோடு வினைபுரிந்து வாயுவாகிப் போய்விடுகிறது. கரி உண்டாகத் தூண்டும் அமிலத் தன்மையும் அடங்குகிறது. ஹைட்ரஜன் வழியை அது வேகப்படுத்தவில்லை. நிக்கலின் சுறுசுறுப்பைக் கொஞ்சம் குறைக்கக்கூடச் செய்கிறது. ஆனால் எந்த வழியில் போகக்கூடாதோ அந்த வழியை அடைத்துவிடுகிறது. காசு போட்டு வாங்குவது இதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது. வேகம் வேண்டுமானால் சூட்டைக் கூட்டினால் கிடைக்கும். சூட்டைக் கூட்டினால் எல்லா வினைகளும் சேர்ந்து வேகமெடுக்கும், வேண்டாதவை உட்பட. வேண்டியதை மட்டும் பொறுக்கி முன்னுக்குக் கொண்டுவர கேட்டலிஸ்ட்டால்தான் முடியும்.

இதற்குச் சிறந்த சாட்சி, மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த அதே வாயு. நிக்கல் மேல் விட்டால் மீத்தேன். தாமிரம்-துத்தநாகத்தின் மேல், போதிய அழுத்தத்தில் விட்டால் மெத்தனால். இரும்பு அல்லது கோபால்ட் மேல் விட்டால் நீளமான ஹைட்ரோகார்பன் சங்கிலிகள், டீசலிலிருந்து மெழுகுவரை. ஜெர்மனியின் மூல்ஹைமில் ஃபிஷரும் டிராப்ஷும் 1920களில் நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுத்தது இந்தக் கடைசி வழியில்தான். வெப்ப இயக்கவியலைக் கேட்டால் இவற்றில் மீத்தேனுக்குத்தான் முதல் மரியாதை. தாமிரம் அதைக் காதில் வாங்குவதில்லை. மீத்தேனுக்குப் போகும் பாதையை அது திறப்பதே இல்லை. எனவே வாயு மெத்தனாலோடு நின்றுகொள்கிறது.

எங்கள் தாமிரக் கலனில் இதைக் கண்ணால் அல்ல, மூக்கால் கண்டோம். லோ டெம்பரேச்சர் ஷிஃப்ட் என்ற அந்தக் கலனுக்கு நாங்கள் கொடுத்த வேலை மோனாக்சைடைச் சுமார் 0.3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது மட்டுமே. ஆனால் புதுச் சரக்கு போட்ட முதல் மாதங்களில் அது சொல்லாத வேலையும் பார்க்கும். கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் கொண்டு கொஞ்சம் மெத்தனால் பண்ணும். கண்டென்சேட் தண்ணீரில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். அதோடு அமீன்களும் சேர்ந்து மீன் சந்தை மணமும் வரும். லேப் ஆட்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சாம்பிள் எடுப்பார்கள். பின்னாளில் மெத்தனாலைக் குறைக்க காரங்கள் சேர்த்த தாமிரச் சரக்கு சந்தைக்கு வந்தது. அங்கேயும் அதே கதைதான்: வேகத்தைக் கூட்டுவதற்காக இல்லாமல் ஒரு பக்கவழியை மூடுவதற்காக வந்த முன்னேற்றம்.

பக்கத்து நைட்ரிக் அமில ஆலைகளில் நடப்பது இன்னும் துணிச்சலானது. அமோனியாவையும் காற்றையும் பிளாட்டினம்-ரோடியம் வலையின் மேல் சுமார் 900 டிகிரியில் விடுகிறார்கள். அந்தச் சூட்டில் அமோனியாவுக்கு உண்மையில் நிம்மதியான முடிவு நைட்ரஜனாகிப் போவதுதான். வலையோ அதை நைட்ரிக் ஆக்சைடாக்குகிறது, தொண்ணூற்றைந்து சதவீதம் வரை. வாயு வலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் தாமதித்தாலும் உருவானது சிதைந்துவிடும். வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1902இல் காப்புரிமை பெற்ற முறை. அவருக்கே 1909இல் வேதியியல் நோபல், வினையூக்கம் பற்றிய பணிக்காக.

சின்தெசிஸ் கன்வர்ட்டருக்கு வருகிறேன். நைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் பிணைக்கும் மும்மடிப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அது இருந்தும் பயிருக்கு எட்டாததற்குக் காரணம் இந்தப் பிணைப்பு. இரும்பின் பரப்பில் வந்து அமரும் நைட்ரஜன் மூலக்கூறுக்கு இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. பிணைப்பு தளர்ந்து இரு அணுக்களாகப் பிரிந்து இரும்போடு ஒட்டுகிறது. ஒவ்வொன்றின் மேலும் ஹைட்ரஜன் அணு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, அமோனியாவாகிப் பரப்பைவிட்டுக் கிளம்புகிறது. இந்தத் தொடரில் மிக மெதுவானது அந்த முதல் பிளவு. இதைத் தூய இரும்புப் பரப்பில் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007இல் நோபல் கிடைத்தது. நான் அதற்குப் பல வருடம் முன்பே இரும்பை நிரப்பவும் வெளியே எடுக்கவும் கற்றிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை எங்கள் தொழிலில் சகஜம்தான்.

இந்தப் பரப்பைச் சத்திரமாக நினைத்துக்கொள்ளலாம். வந்தவனைத் திண்ணையில்கூட உட்காரவிடாத சத்திரத்தால் பயனில்லை. தங்கமும் வெள்ளியும் நைட்ரஜனுக்கு அப்படித்தான். வந்தவன் காலி செய்யவே மாட்டேன் என்று படுத்துக்கொள்கிற சத்திரமும் ஓடாது; டைட்டேனியம் போன்ற உலோகங்கள் நைட்ரஜனைப் பிடித்தால் விடுவதில்லை. இரும்பு ஒரு ராத்திரி தங்கவைத்து, சோறு போட்டு, காலையில் அனுப்பிவிடுகிறது. கந்தகம் என்பது எந்தச் சத்திரத்துக்குள் புகுந்தாலும் அறையைப் பூட்டிக்கொண்டு சாவியையும் விழுங்கிவிடுகிற விருந்தாளி.

இரும்பைக் கண்டுபிடித்த கதை அருமையானது. கார்ல்ஸ்ரூவேயில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909 ஜூலை 2 அன்று தன் அமோனியாக் கருவியைப் பிஏஎஸ்எஃப் ரசாயன நிறுவனத்தின் ஆட்களுக்கு ஓட்டிக் காட்டினார். உயர் அழுத்தத்தில் ஒரு போல்ட் தெறித்து, தொடங்கத் தாமதமானது. வந்தவர்களில் கார்ல் போஷ் காத்திருக்க நேரமில்லாமல் கிளம்பிவிட்டார். ஆல்வின் மிட்டாஷ் இருந்து, அமோனியா சொட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஹேபர் பயன்படுத்தியது ஆஸ்மியம். உலகம் முழுவதும் சேர்த்தாலே நூறு கிலோ அளவுக்குத்தான் அன்றைக்கு இருந்தது. அதை பிஏஎஸ்எஃப் வாங்கிச் சேர்த்துவைத்தது. ஆனாலும் ஒரு தொழிலை அதன் மேல் கட்ட முடியாது. மிட்டாஷ் சிறு சோதனைக் கலன்களை வரிசையாக வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கலவைகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். தூய இரும்பு சுமாராகத்தான் இருந்தது. ஸ்வீடனின் கெல்லிவாரேயிலிருந்து வந்த ஒரு மேக்னடைட் தாதுத் துண்டு மட்டும் வியக்கும்படி வேலை செய்தது. தாதுவின் இரும்பைவிட அதிலிருந்த அழுக்குகளில்தான் விஷயம் என்று அவர் பிடித்துக்கொண்டார். 1912 தொடக்கத்துக்குள் சுமார் 2,500 கலவைகள், 6,500 சோதனைகள். அலுமினாவும் பொட்டாஷும் கொஞ்சம் சேர்த்த இரும்பு ஆக்சைடு தேறியது. அலுமினா இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் விலக்கி வைக்கிறது. பொட்டாசியம் நைட்ரஜனைப் பிளக்க எலக்ட்ரான் கொடுத்து உதவுகிறது, உண்டான அமோனியாவைச் சீக்கிரம் கிளப்பியும் விடுகிறது. 1913இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. நாங்கள் டிரம்மில் வாங்கியது ஏறக்குறைய அதே சமையல் குறிப்புதான், கொஞ்சம் கால்சியம் கூடுதலாக.

அவ்வளவு நல்ல இரும்பாலும் ஒருமுறை உள்ளே போகும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அமோனியாவாக்க முடிவதில்லை. இந்த வினை வெப்பத்தை வெளியேற்றுவது. குளிர்ச்சியில்தான் அமோனியா பக்கம் நன்றாகச் சாயும். இரும்போ 400 டிகிரிக்குக் கீழே சோம்பேறி. ஆகவே சூட்டையும் வைத்துக்கொண்டு, அதனால் இழக்கும் அமோனியாவை அழுத்தத்தால் மீட்டு, மாறாத வாயுவைச் சுற்றிச் சுற்றி அனுப்புகிறோம். ஆலையில் இரைகிற அந்தப் பெரிய கம்ப்ரஸர் எல்லாம் இரும்பின் சோம்பலுக்கு நாம் கட்டுகிற வரி. இன்னும் குளிரில் ஓடுகிற கேட்டலிஸ்ட் மலிவாகக் கிடைத்தால் பாதி இரைச்சல் போய்விடும். உலகெங்கும் அதற்காக இன்றும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கேட்டலிஸ்ட்டும் டிரம்மிலிருந்து வந்தவுடன் வேலை செய்யாது. ஆக்சைடாக வரும்; நிக்கலையும் தாமிரத்தையும் கடைசிக் கலனின் இரும்பையும் ஹைட்ரஜன் கொடுத்து உலோகமாக்க வேண்டும். இதில் மிக அபாயமானது தாமிரம். நைட்ரஜனைக் கலனுக்குள் சூடாகச் சுற்றவிட்டு, அதில் துளித்துளியாக ஹைட்ரஜனைச் சேர்ப்போம். ஒரு சதவீதம் ஹைட்ரஜனுக்குச் சுமார் 28 டிகிரி ஏறும். படுக்கையில் மேலிருந்து கீழாகச் செருகிய தெர்மோகப்பிள்கள் வரிசையாக ஏறி இறங்கும். வெப்ப அலை ஒவ்வொரு தளமாகக் கீழே நகர்வது பேனலில் தெரியும். 230 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. 260, 270 என்று போனால் தாமிரத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, பல கோடி ரூபாய்ச் சரக்கு போட்ட அன்றைக்கே கிழடாகிவிடும். அண்ணாச்சி இந்த வேலைக்கு ஷிஃப்ட் மாறிக்கூட உட்காருவார். ஹைட்ரஜன் வால்வுக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தி, தொலைபேசியில் கால் சுற்று, அரைச் சுற்று என்று சொல்வார். அவசரப்படுத்திய ஒரு மேலதிகாரியிடம் அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "சார், கேட்டலிஸ்ட்டுக்கு வாய் கிடையாது. இந்தத் தெர்மோகப்பிள்தான் அதுக்கு வாய். அது போதும்னு சொல்லுத வரைக்கும் நான் திறக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

ஒருமுறை தாமிரச் சரக்கு எதிர்பார்த்த ஆயுளில் பாதிகூட ஓடவில்லை. வெளியே வரும் வாயுவில் மோனாக்சைடு வாரத்துக்கு வாரம் ஏறியது. கந்தகமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், ஏனெனில் எதற்கும் பழி கந்தகத்தின் மேல். சரக்கை மாற்றும்போது மேலடுக்கிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்த மாத்திரைகளை ஆய்வுக்கு அனுப்பினோம். கந்தகம் கொஞ்சம்தான். குளோரின் இருந்தது. தாமிரமும் துத்தநாகமும் குளோரினோடு சேர்ந்தால் எளிதில் இளகி நகரும் உப்புகளாகின்றன. துகள்கள் கரைந்து கரைந்து ஒன்றுசேர்ந்து பெருக்கின்றன. கந்தகமாவது தங்கிய இடத்தோடு நிற்கும், குளோரின் படுக்கை முழுதும் ஊர் சுற்றும். எங்கிருந்து வந்தது? கலனுக்கு முன்னால் வாயுவைக் குளிர்விக்கத் தெளிக்கும் தண்ணீரில், ஒரு கூலரில் ஏற்பட்ட மயிரிழைக் கசிவு வழியாகக் குளோரைடு கலந்திருந்தது. அளவு மிகச் சிறியது. வழக்கமான தண்ணீர்ச் சோதனையில் கண்ணில் படாத அளவு. அதன் பிறகு தாமிரக் கலனுக்கு முன்னால் பழைய தாமிரச் சரக்கையே கொஞ்சம் காவலுக்குப் போடும் வழக்கம் எங்களிடம் வந்தது. விஷத்தை முதலில் வாங்கிக்கொள்வது அதன் பொறுப்பு.

மெத்தனேட்டர் பார்க்க சாது. 300 டிகிரியில் உள்ளே போய் 330இல் வெளியே வரும், வருடக்கணக்காக. ஆனால் முன்னால் இருக்கும் கழுவும் கோபுரத்தில் கரைசல் ஓட்டம் தடுமாறினால், கரியமில வாயு கழுவப்படாமல் நேராக அதன் மேல் வந்து விழும். ஒரு சதவீதத்துக்கு 60 டிகிரி ஏறும், மோனாக்சைடாக இருந்தால் 74. சில நிமிடங்களில் கலனின் எஃகுக்கே ஆபத்து. அதனால் இங்கே மட்டும் யோசிக்க மனிதனுக்கு அவகாசம் தரமாட்டோம். தானே டிரிப் ஆகும்படிதான் அமைப்பு. மறுபக்கம், ஆலையை நிறுத்தும்போது கலன் 200 டிகிரிக்குக் கீழே குளிர்வதற்குள் மோனாக்சைடு முழுவதையும் நைட்ரஜனால் விரட்டிவிட வேண்டும். குளிர்ந்த நிக்கலும் மோனாக்சைடும் சேர்ந்தால் நிக்கல் கார்பனைல் என்ற கொடிய நஞ்சு உருவாகும். எங்களை வாழவைத்த நிக்கல்தான். வெப்பநிலை மாறினால் அது என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிற்பாடு நாப்தா ஆலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இயற்கை வாயுவுக்கு மாறின. மீத்தேன் நாப்தாவைப் போல எளிதில் கரியாகாது. பொட்டாஷ் அதிகம் போட்ட வளையங்களுக்குத் தேவை குறைந்தது. பீப் ஹோலில் ஒட்டகச்சிவிங்கி வருவதும் அரிதானது. துணிப் பைக்குப் பதிலாக உள்ளே தூரிகை போன்ற தடுப்புகள் வைத்த கயிற்றின் வழியே வளையங்களை இறக்கும் முறை வந்து, நிரப்பும் நேரமும் குறைந்தது. நல்லதுதான். பழைய கஷ்டத்தைப் புனிதமாக்கிப் பேசுவதில் எனக்கு ருசி கிடையாது.

ஓடி முடிந்த சரக்கை வெளியே எடுப்பது தனி அத்தியாயம். உலோகமாக மாறிய இரும்பும் நிக்கலும் தாமிரமும் காற்றுப் பட்டால் தானே சூடேறும். இரும்பு கனன்று சிவந்துவிடும். எனவே கலனை நைட்ரஜனில் வைத்தே காலி செய்வார்கள். நைட்ரஜனுக்கு மணம் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. காற்றுக்குழாய் முகமூடி மாட்டிய ஆட்கள் உள்ளே, கயிற்றைப் பிடித்தவர்கள் வெளியே, ஆள் நுழைவாயிலில் கணக்கெழுத ஒருவர். இந்த வேலைக்கென்றே பழகிய குழுக்கள் ஆலை ஆலையாகப் போவார்கள். அவர்கள் வரும்வரை யாரும் உள்ளே தலையை நீட்டக்கூட விடமாட்டோம்.

பிறகு ஏலம். நிக்கல் வளையத்துக்கும் தாமிர மாத்திரைக்கும் போட்டி இருக்கும். உலோகத்தைப் பிரித்தெடுப்பவர்கள் சாம்பிள் எடுத்து, சோதித்து, சதவீதத்துக்கு விலை பேசுவார்கள். குரோமியம் கலந்த சரக்கு ஆபத்தான கழிவு. அதற்கு அனுமதி பெற்றவர்கள் மட்டுமே வரலாம். கடைசியாக இரும்பின் குவியல். ஒரு வியாபாரி கறுப்புத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இதுல பிளாட்டினம் ஏதாச்சும் கலந்திருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக ஓடிய சரக்கு. அது ஒரு நாளும் எங்களைப் படுத்தியதில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பழைய இரும்பு விலைக்குக் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைத்துக் கேட்டார்.